பென்ஷன் புத்தகத்தில் இருந்த ரத்தினம்மாள்

காந்தாக்காவும் நானும் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தோம். அவள் வீட்டில் கடுகு வெடிப்பது எனக்குக் கேட்கும். நான் என் வீட்டுக்காரரைத் திட்டுவது அவளுக்குக் கேட்கும். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பகல் முழுக்க முகம் தெரியாத ஆட்களிடம் "சொல்லுங்க சார், இருங்க சார்" என்று பணிந்து பேசியாக வேண்டும். அந்தப் பணிவை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். காந்தாக்காவுக்கு அப்படி இரண்டு குரல் கிடையாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே மெல்லிய குரல்தான். குழாயடியில் அவள் குடத்தை யாராவது நகர்த்தி வைத்தால்கூட நான்தான் போய்ச் சண்டை போடுவேன்.

அவள் கணவர் நாராயணசாமி கர்நாடக அரசு அலுவலகம் ஒன்றில் டஃபேதாராக இருந்தவர். பெரிய அதிகாரியின் அறை வாசலில் சிவப்புப் பட்டையும் தலைப்பாகையுமாக நிற்பாரே, அந்த வேலை. நல்ல மனுஷர். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். ஆனால் சோம்பேறி. அலுவலகத்தில் ஆயுள் முழுக்க அடுத்தவர்களின் காகிதங்களை மேசைக்கு மேசை தூக்கிக்கொண்டு நடந்த மனுஷருக்குத் தன் சொந்தக் காகிதம் என்றால் மட்டும் வேப்பங்காய். "பாத்துக்கலாம் உடு" என்பார். எதையும் பார்த்துக்கொண்டதில்லை. அந்த "பாத்துக்கலாம் உடு"தான் பின்னால் இந்தப் பெண்ணைப் பட்டினி போட்டது. செத்துப் போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் செய்வேன்.

காந்தாக்கா அவருக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவி ரத்தினம்மாள், காந்தாக்காவின் கூடப் பிறந்த அக்காள். எழுபத்தாறில் இரண்டாவது பிரசவத்துக்காகக் குடியாத்தம் பக்கத்துத் தாய் வீட்டுக்குப் போன ரத்தினம்மாள் அங்கேயே குழந்தையோடு போய்ச் சேர்ந்தாள். மூத்தவன் பாலகுமாருக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. தாயில்லாப் பிள்ளையை யார் பார்ப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அப்படிப் பேச்சு வந்தால் முடிவு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு வீட்டில் இருந்த தங்கச்சியை அக்காள் இடத்துக்கு அனுப்பினார்கள். துக்கம் நடந்த வருஷம் என்பதால் பந்தல் இல்லை, பத்திரிகை இல்லை, போட்டோ இல்லை. அக்காளின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றி வைத்து, நாலு உறவுக்காரர்கள் பார்க்க நாராயணசாமி தாலி கட்டினார்.

அக்காள் இடம் என்றால் எல்லாமே அக்காளுடையதுதான். அக்காளின் பாத்திரம், அக்காளின் அம்மிக்கல், அக்காளின் பிள்ளை. ரேஷன் கார்டும் அப்படியே. ரத்தினம்மாள் பெயரை எடுத்துவிட்டுக் காந்தாவின் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஊரிலிருந்து இறப்புச் சான்று வாங்க வேண்டும், கல்யாணத்துக்குச் சான்று காட்ட வேண்டும். நாராயணசாமி செய்வாரா?

"அக்கா எடத்துக்குத் தங்கச்சி வந்துகிறா. அதே ஊடு, அதே அடுப்பு. கார்டுல ரத்தினம்மான்னே இருக்கட்டும் உடு. சக்கரை இன்னா பேரப் பாத்தா இனிக்குது?" என்று சொல்லிவிட்டாராம்.

அவளும் விட்டுவிட்டாள். வோட்டர் லிஸ்டிலும் அதே பெயர் ஏறியது. எண்பத்தொன்பதில் அவர் ரிட்டயர் ஆனபோது பென்ஷன் புத்தகத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எடுத்த போட்டோ கேட்டார்கள். பிரேசர் டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகத்துப் பழைய பதிவில் மனைவி பெயர் ரத்தினம்மாள். அதை மாற்றாமலே காந்தாக்காவின் முகத்தை அதன் மேல் ஒட்டிக் கொடுத்துவிட்டார். ரத்தினம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அதே பதிவில் இருந்ததால், எழுதத் தெரிந்த காந்தாக்காவைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்.

"மூஞ்சி உன்னுது, பேரு அவளுது. ரெண்டு பேருக்கும் ஞாயம் பண்ணிட்டேன் பாத்தியா?" என்று ஸ்டுடியோவிலிருந்து வரும் வழியில் சொல்லிச் சிரித்தாராம். அவளும் சிரித்தாளாம். இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது அவர் செத்த பிறகு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் பக்கத்தில், புருஷன் உயிரோடு இருக்கும்போதே பூவும் பொட்டுமாகச் செத்துப்போகிற பெண் சாதாரணமாகச் செத்தவள் இல்லை. அவள் வீட்டுச் சாமி. பூவாடைக்காரி என்று சொல்லிக் கும்பிடுவார்கள். ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காந்தாக்கா வீட்டைக் கழுவி, மஞ்சள் தடவிய செம்பில் தண்ணீர் வைத்து, புதுச் சேலை, வளையல், குங்குமம், கதம்பம் எல்லாம் வைத்து அக்காளுக்குப் படையல் போடுவாள். இரண்டாம் தாரமாக வந்தவள் முதல் தாரத்தைக் கும்பிடுவது கடமை. ஆனால் இவள் கடமைக்குக் கும்பிட்டவள் அல்ல. படத்துக்கு முன்னால் நின்று, பிள்ளையின் மார்க்கு, புருஷனின் மூட்டுவலி, அரிசி விலை எல்லாவற்றையும் அக்காளிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

தொண்ணூற்றெட்டில் மாசி மாதம் ஒரு காலை நாராயணசாமி குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் கருமாதி. பெண்கள் சூழ உட்காரவைத்து, வளையலை உடைத்து, தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள். காந்தாக்கா சத்தம் போட்டு அழவில்லை. நான்தான் அழுதேன்.

அந்த மாதத்தோடு அவருடைய பென்ஷன் நின்றது. அவர்கள் வீட்டில் வேறு வரும்படி கிடையாது. பாலகுமார் லிங்கராஜபுரத்தில் இருந்தான். கூரியர் கம்பெனியில் டெலிவரி வேலை. அவன் மனைவி ரூபினி, இரண்டு பிள்ளைகள், பக்கவாதத்தில் படுத்த ரூபினியின் அப்பா, இத்தனை பேரும் ஒரே அறையில். அங்கே இன்னொரு பாய் விரிக்க இடமில்லை. அதனால் காந்தாக்காவுக்கு மிச்சமிருந்த ஒரே வழி, செத்த அரசு ஊழியரின் மனைவிக்கு வரவேண்டிய குடும்ப பென்ஷன். அது வந்தால் வாடகையும் அரிசியும் நடக்கும். வராவிட்டால் அவளுக்கு ஒன்றுமே இல்லை.

எனக்குக் கன்னடம் சரளம். வாயும் சரளம். அவளை நான்தான் நாராயணசாமியின் பழைய அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பென்ஷன் மேசையில் கிருஷ்ணப்பா என்ற குமாஸ்தா இருந்தார். நாராயணசாமி கொண்டு வந்த டீயைப் பல வருஷம் குடித்தவர். எங்களைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார்.

"நாராயணசாமி நம்ம ஆளும்மா. ஃபைல் எல்லாம் க்ளியர் இதெ. புக்குல ஹெண்டத்தி, சம்சாரத்து பேரு இதெ, ஜாயின்ட் போட்டோ இதெ. டெத் சர்டிஃபிகேட் எடுத்துகினு ட்ரெஷரில ஒரு நாள் ஆஜராகுங்க, அஷ்டே, அவ்ளோதான். அடுத்த மாசமே பென்ஷன் வரும். நீங்கதானே ரத்தினம்மா?"

"இல்ல சார், அது எங்க அக்கா. அவ செத்து ரொம்ப வருஷமாச்சு" என்றாள் காந்தாக்கா.

நான் அவள் காலை மிதித்தேன். மிதிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

கிருஷ்ணப்பா ஃபைலை மூடினார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அப்போ போட்டோல இருக்கறது யாரு?"

"நான்தான் சார். காந்தா. ரெண்டாவது சம்சாரம்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி விளக்கினார். ரத்தினம்மாள் செத்ததற்குச் சான்று வேண்டும். காந்தாவைக் கல்யாணம் செய்ததற்குச் சான்று வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கி வர வேண்டும். அதன் பிறகு ஃபைல் மேலே போகும், எப்போது திரும்பி வரும் என்று அவராலும் சொல்ல முடியாது. அதோடு, ஒரு பெண்ணின் போட்டோவை ஒட்டி இன்னொரு பெண்ணின் பெயரை எழுதி, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டது நாராயணசாமி. அது பொய் வாக்குமூலம். கிளறினால் அவர் வாங்கிய பென்ஷனைப் பற்றிக்கூடக் கேள்வி வரலாம்.

"இல்லன்னா ரத்தினம்மாவாவே வாங்க" என்றார் கடைசியில். "மூஞ்சி சரியா இதெ. நீங்க இப்ப சொன்னது நனகே ஏனூ கேளிஸில்ல. என் காதுல எதுவும் விழல."

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நான் அவளைத் திட்டினேன். "ஒரு கைநாட்டு வெச்சா மாசா மாசம் பணம். அதுக்குப் போயி வாயத் தொறந்து எல்லாத்தையும் கொட்டுவியா? நீ இன்னா யாரு சொத்தையாச்சும் திருடறியா? உன் புருஷன் பென்ஷன்தானே?"

அவள் முதன்முறையாக என்னிடம் குரலை உயர்த்தினாள்.

"தெரிஞ்சுதான் பேசறியா ஜெயா? அந்தக் காகிதத்துல இன்னான்னு எழுதுவாங்க? நாராயணசாமியோட விதவை ரத்தினம்மான்னு எழுதுவாங்க. அவ பூவும் பொட்டும் வெச்சுகினு போனவடி. மஞ்சப் பூசி, கூறப்பொடவ சுத்தி, சாமியாட்டம் தூக்கினு போனாங்க அவள. இத்தினி வருசமா விழுந்து கும்பிட்டுட்டு, இப்ப சோத்துக்காக என் கையாலயே அவளுக்குத் தாலி அறுக்கச் சொல்றியா?"

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

பாலகுமாரிடம் நான் பேசிப் பார்த்தேன். அவனுக்கு அவன் அம்மாவின் முகம் சரியாக ஞாபகமில்லை. வளர்த்தது, சளி சிந்திவிட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் காந்தாக்காதான். ஆனாலும் அவனுக்கு அம்மா என்றால் படத்தில் இருக்கிற சாமி. நேரே சித்தியிடம் வந்து அழுதான்.

"சித்தி, உனக்கு நான் கஞ்சி ஊத்தறேன். எங்கம்மாவ மட்டும் முண்டச்சி ஆக்காத சித்தி."

"ஆக்க மாட்டேன்டா" என்று சத்தியம் செய்தாள்.

கஞ்சி ஊற்றுகிறேன் என்றவன் மனசார சொன்னான். எங்கிருந்து ஊற்றுவான்? முதல் மாதம் அரிசி வாங்கிக் கொடுத்தான். அடுத்த மாதம் பாதி கொடுத்தான். அதற்கடுத்த மாதம் தெருக்கோடி வரை வந்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குள் வர வெட்கப்பட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

காந்தாக்கா நேர் வழியில் முட்டிப் பார்த்தாள். குடியாத்தத்துக்குப் போய் கிராமத்து அலுவலகத்தில் நின்றாள். ரத்தினம்மாள் செத்ததை யாரும் பதிந்து வைத்திருக்கவில்லை. பிரசவத்தில் செத்தவளைத் தூக்கிப் போடுகிற அவசரத்தில் யாருக்கு அலுவலகம் ஞாபகம் வரும்? தாலி கட்டியதைப் பார்த்த நாலு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. நாலாவது ஆள் ஒரு மாமா. அவருக்குக் காது மந்தம், கோர்ட் என்று கத்திச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே போய்விட்டார். பெங்களூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் கேட்ட முன்பணத்துக்கு அவள் காதில் இருந்த கம்மல் போனது. ஒரு நோட்டீஸ் எழுதினார். பிறகு எப்போது போனாலும் அவர் கோர்ட்டில் இருப்பார், கோர்ட்டுக்குப் போனால் ஆபீஸில் இருப்பார். ஒருநாள் அவருடைய ஜூனியர்தான் உண்மையைச் சொன்னான். சாட்சியும் இல்லாமல் சான்றும் இல்லாமல் இந்த கேஸ் நடந்து முடியப் பல வருஷம் ஆகும், அதுவரை சாப்பாட்டுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளச் சொன்னான். நான் அங்கேயே அவனைப் பிடித்துக் கத்தினேன். அவன் என்ன செய்வான் பாவம்.

வேறு வழி என்று அவள் பார்த்தது ஊதுவத்தி உருட்டுவது. எங்கள் பக்கத்தில் நிறைய பெண்கள் வீட்டிலேயே செய்கிற வேலை. அந்தக் கரியும் பசையும் விரல் இடுக்கில் ஏறிவிட்டால் தேய்த்தாலும் போகாது. அவள் மெதுவாக, அழகாக உருட்டுவாள். அழகுக்கு அங்கே கூலி இல்லை, வேகத்துக்குத்தான் கூலி. வீட்டுச் சொந்தக்காரர் ரெமிஜியஸ் நல்ல மனுஷர், வாடகைக்காகக் கதவைத் தட்டியதில்லை. ஆனால் அவருக்கும் மகள் கல்யாணம் வந்தது. மகளும் மருமகனும் இருக்க அந்தப் போர்ஷன் வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலையைக் குனிந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

நான் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் சுவர் தாண்டிப் போகும். கிண்ணம் திரும்பி வரும்போது வெறுமனே வராது. அது எங்கள் எல்லோருக்கும் பழக்கம், கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது. முன்னெல்லாம் அவள் வீட்டிலிருந்து வடையோ பொரியோ வரும். பிறகு இரண்டு பச்சை மிளகாய் வந்தது. பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரை. பிறகு ஒருநாள் நான் கிண்ணத்தை நீட்டியபோது, "வேணாம் ஜெயா, இப்பதான் சாப்ட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு எத்தனை முறை நீட்டியும் வாங்கவில்லை. போட்டுக் கொடுக்கச் சர்க்கரைகூட இல்லை என்பது எனக்குப் புரிய வெகு நாளாயிற்று. புரிந்த அன்று ஆத்திரத்தில் கிண்ணத்தோடு அவள் வீட்டுக்குள் போய், "தின்னு, என் எதிர்ல தின்னு" என்று கத்தினேன். அவள் தின்றாள். மறுநாள் கதவைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் ஆடியில் படையலுக்குப் புதுச் சேலை வாங்க முடியவில்லை. கருமாதிக்கு வந்த கோடிச் சேலைகள் பெட்டியில் இருந்தன, ஆனால் விதவைக்கு வந்த கோடியைச் சுமங்கலிக்கு வைக்கலாமா? ஒரு ரவிக்கைத் துண்டும் கொஞ்சம் பூவும் மட்டும் வைத்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். அக்காளிடம் பூ வைத்துக் கேட்கப்போகிறாளாம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பது. சிவப்பு வந்தால் அவள் பெயரில் வாங்கிக்கொள்ளச் சாமி சம்மதம், வெள்ளை வந்தால் கூடாது.

விழுந்து கும்பிட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரிக்கவில்லை.

"பிரியேன்க்கா" என்றேன்.

"வேணான்னு வந்துட்டா நான் எங்கடி போவேன்?" என்றாள். "சரின்னு வந்துட்டா மட்டும்? அவ எனக்காக முண்டச்சியா நிக்கச் சம்மதிச்சான்னு தெரிஞ்சா, அத எப்பிடி நான் தாங்குவேன்?" என்றாள். இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமலே செம்புத் தண்ணீருக்குள் போட்டுவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு காலை குழாயடியில் குடத்தோடு விழுந்தாள். நானும் ரெமிஜியஸின் மகளும் ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இளம்பெண். சோதித்துப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு வியாதி எதுவும் இல்ல. சாப்பிடாம இருந்திருக்காங்க. வீட்ல யாரும் பாக்கறதில்லையா?" என்று கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் மூன்று வேளையும் கடுகு தாளித்துக்கொண்டிருந்தவள் நான்.

தகவல் தெரிந்து பாலகுமார் கூரியர் பையோடு ஓடி வந்தான். கூடவே ரூபினி. படுக்கையில் கிடந்த காந்தாக்காவைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் வராந்தாவுக்கு வந்தார்கள். ரூபினி அதிகம் பேசாத பெண். அன்று பேசினாள்.

"உங்கம்மா சாமியா கீறாங்க, அவுங்களுக்குப் பசிக்காது. இவுங்களுக்குப் பசிக்குது. நம்மளால ஊத்தவும் முடியல, ஊத்தறேன்னு சொன்னத வாபஸ் வாங்கவும் முடியல. நீ வாயால ஊத்தின கஞ்சிய எத்தினி நாளைக்குக் குடிப்பாங்க அவுங்க?"

பாலகுமார் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், கட்டிலருகே குந்தி உட்கார்ந்தான்.

"சித்தி, போலாம் சித்தி. நானும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

"உங்கம்மாடா" என்றாள் அவள்.

"போலாம் சித்தி" என்றான் மறுபடியும்.

ட்ரெஷரிக்குப் போன அன்று நான் லீவு போட்டேன். அவள் கவலை அக்காளைப் பற்றி. எனக்கோ வேறு கவலை. ரத்தினம்மாளுக்கும் காந்தாவுக்கும் பத்து வயது வித்தியாசம். புத்தகத்தின்படி இப்போது ஐம்பத்தெட்டு ஆகியிருக்க வேண்டும். அந்த வருஷத் தொடக்கத்தில் காந்தாக்காவைப் பார்த்த யாரும் நாற்பதுக்கு மேல் சொல்லமாட்டார்கள். அதிகாரி கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று நான் பதில்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

ஒன்றும் தேவைப்படவில்லை. அதிகாரி கண்ணாடியை ஏற்றி போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, முன்பல் தூக்கி, நெற்றி ஓரமெல்லாம் நரைத்து நின்றவளைப் பார்த்து யாருக்கும் வயதில் சந்தேகம் வராது. குறைந்த அந்தப் பத்து வயதைப் பட்டினி கூட்டி வைத்திருந்தது. புத்தகத்தில் அடையாளமாக எழுதியிருந்தபடி மோவாயில் மச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது, அவளுடைய மச்சம்தானே. இடது கைப் பெருவிரலை மை அட்டையில் தேய்த்து, காட்டிய இடத்தில் எல்லாம் வைத்தாள். எங்கள் லைனில் பாதிப் பேருக்குக் கடிதத்து விலாசம் எழுதிக் கொடுத்த கை அது. ஊதுவத்திக் கரி ஏறிய விரலில் மை பட்டதுகூடத் தெரியவில்லை.

அதிகாரி பாலகுமாரைப் பார்த்துக் கன்னடத்தில், இவர் உனக்கு யார் என்று கேட்டார்.

"நம்ம தாயி, சார்" என்றான். அம்மா என்று அர்த்தம். காந்தாக்கா சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது அதிகாரி பேனாவை எடுத்து இன்னொரு கேள்வி கேட்டார். எல்லா விதவைகளிடமும் கேட்கிற கேள்விதான். பின்னால் வேறொருத்தி வந்து நானும் அவர் மனைவி என்று நிற்கக் கூடாதல்லவா?

"நிம்ம தந்தேகே பேரே ஹெண்டத்தி யாராதரூ இத்தரா?" உன் அப்பாவுக்கு வேறு மனைவி யாராவது உண்டா?

பாலகுமார் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அம்மா என்று சொல்ல முடிந்தவனுக்கு இதைச் சொல்ல முடியவில்லை. இதைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. செத்தவளை விதவையாக்குகிறோமே என்றுதான் இத்தனை மாதம் துடித்தோம். இருக்கிறவளை இல்லாதவளாக்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றியது? அதிகாரி நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

"யாரூ இல்லா சார்" என்றாள் காந்தாக்கா. அதே மெல்லிய குரலில்தான் சொன்னாள். "அவருக்கு பேரே ஹெண்டத்தி யாரும் கிடையாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். பாலகுமார் சாட்சிக் கையெழுத்துப் போட்டான், நானும் போட்டேன். அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் வரும், போகலாம் அம்மா என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

வாசலுக்கு வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்காளை நினைத்து அழப்போகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை.

"இருபத்தோரு வருசம் ஜெயா" என்றாள். "அவரு துணி தொவச்சேன், கால் புடிச்சு உட்டேன், செத்தப்ப மடில தல வெச்சுக்கினேன். அப்பிடி ஒருத்தி கெடையவே கெடையாதுன்னு நானே சொல்லிட்டு வந்துட்டேன்."

பணம் வரும், வீடு பார்க்கலாம், வயிறார சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான்.

"என்ன ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிடேன்" என்றாள்.

"காந்தாக்கா" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

பாலகுமார் பதறிப்போய் ட்ரெஷரி கதவைத் திரும்பிப் பார்த்தான். "மெதுவாக்கா, உள்ள கேட்டுடப் போவுது" என்று என் கையைப் பிடித்து அழுத்தினான்.